ஆங்கிலத்தில் பேசும்போது வேறு ஆளாகிவிடுகிறேன். உங்களுக்கும் அப்படியா?

அரைவட்டம் | திங்கள், இரவு 10:40

11 வருடமாக ஆங்கிலத்தில்தான் வேலை. மின்னஞ்சல், அறிக்கை எல்லாம் நானே எழுதுவேன். படிப்பதிலும் தடையில்லை. பேச்சில்தான் சிக்கல்.

வாராவாரம் குழுவோடு ஒரு அழைப்பு இருக்கும். போன வாரம் ஒருவர், தான் எழுதிய நிரல் ஓடாததற்குக் கணினியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். என் வாயில் ஒரு பதில் தயாராக இருந்தது, தமிழில். அதை ஆங்கிலத்துக்கு மாற்றி, காலம் சரியா, 'தி' வருமா வராதா என்று பார்த்து முடிப்பதற்குள் பேச்சு மூன்று விஷயம் தாண்டிப் போய்விட்டது. கடைசியில் நான் சொன்னது "யெஸ், ஐ வில் செக்". அந்த ஒரு மணி நேரத்தில் நான் பேசியதே அவ்வளவுதான்.

அழைப்பு முடியும்போது மேலாளர் அன்பாகத்தான் சொன்னார், "நீங்கள் இயல்பிலேயே அமைதியானவர், இல்லையா?" என்று. எங்கள் வீட்டில் இதைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை.

இரண்டு முறை வகுப்புக்குப் போனேன். இரண்டிலும் இலக்கணம்தான் நடத்தினார்கள், நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். இது சொல் போதாத குறையா, வேறு ஏதாவதா?

கோடை_இடி | திங்கள், இரவு 11:05

பயிற்சி போதவில்லை, வேறொன்றுமில்லை. தினமும் அரை மணி நேரம் வாய்விட்டுப் பேசுங்கள், ஆறு மாதத்தில் சரியாகிவிடும். ஆளுமை, அடையாளம் என்று யோசிக்க ஆரம்பித்தால், கரையில் உட்கார்ந்து தண்ணீரை ஆராய்கிறவர் கதைதான். குதித்தால்தான் நீச்சல்.

பழைய_ரேடியோ | செவ்வாய், காலை 6:20

பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். கோடை_இடி சொல்வதில் பாதி சரி. குதிக்கத்தான் வேண்டும். ஆனால் குதிக்க இடம் கொடுக்கிறார்களா என்பதும் ஒரு கேள்வி.

போனி நார்ட்டன் என்ற ஆய்வாளர் கனடாவுக்குக் குடியேறிய ஐந்து பெண்களோடு வெகுநாள் பழகி, 1995-இல் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை, ஆர்வம் இருந்தால் மொழி வரும், இல்லாவிட்டால் வராது என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் ஆர்வத்தில் குறையே இல்லை. ஆனாலும் சில இடங்களில் வாய் திறந்தது, சில இடங்களில் திறக்கவில்லை. அப்போதுதான் அவர் ஆர்வம் என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு 'முதலீடு' என்றார். இந்த மொழியில் பேசினால் நான் யாராக ஆவேன், அதற்கு என்ன மதிப்பு கிடைக்கும் என்று மனம் கணக்குப் போடுகிறது. அதைப் பொறுத்துத்தான் நாம் உழைப்பைப் போடுகிறோம்.

அவர்களில் ஒருவர், கட்டுரையில் மார்ட்டினா என்று பெயர், மூன்று பிள்ளைகளின் தாய். தொலைபேசி என்றாலே பயப்படுகிறவர். ஒருநாள் வீட்டு உரிமையாளர், ஒரு வருட வாடகையையும் கட்டியே ஆகவேண்டும் என்று சொல்ல, இவர் ஒரு மணி நேரத்துக்கு மேல் தொலைபேசியிலேயே வாதாடியிருக்கிறார். காலம், விதி எதையும் அப்போது யோசிக்கவே இல்லை என்று பிறகு எழுதினார். பிள்ளைகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்களாம். முந்தின நாள் தெரியாத இலக்கணம் ஒன்றும் அன்றைக்கு அவருக்குத் தெரிந்துவிடவில்லை. அந்த ஒரு மணி நேரம் அவர் குடியேறி வந்தவராகப் பேசவில்லை, தாயாகப் பேசினார்.

அரைவட்டம், உங்களுக்கு அப்படி ஆங்கிலம் தானாக வந்த தருணம் ஏதாவது உண்டா?

அரைவட்டம் | செவ்வாய், மதியம் 1:15

உண்டு. ஒரு பயணத்தில் என் பெட்டி வந்து சேரவில்லை. அப்பாவின் மருந்தெல்லாம் அதில்தான் இருந்தது. முகப்பில் இருந்தவர் படிவத்தை நீட்டி "ஃபில் திஸ் அண்ட் வெயிட்" என்றார். அதற்குப் பிறகு நான் பேசியது எனக்கே நம்ப முடியவில்லை. பக்கத்தில் நின்ற அப்பா, "இவ்வளவு ஆங்கிலத்தை எங்கடா ஒளித்து வைத்திருந்தாய்?" என்றார்.

கோடை_இடி | செவ்வாய், மதியம் 1:22

அப்போ வாராவாரம் அந்த அழைப்புக்கு முன்னால் யாராவது உங்கள் பெட்டியைத் தொலைக்க வேண்டும். :)

எழுத்தாணி | செவ்வாய், மாலை 7:50

அடையாளம் பெரிய விஷயங்களில்தான் இருக்கிறது என்பதில்லை. அது நம் வினைமுற்று விகுதியிலேயே உட்கார்ந்திருக்கிறது.

நான் முதன்முதலில் என்னைவிட 30 வயது மூத்த ஒருவரிடம் ஆங்கிலத்தில் பேசியபோது 'யூ' என்று சொல்ல நாக்கு எழவில்லை. நீ, நீங்கள் இரண்டுக்கும் ஒரே சொல் என்று புத்திக்குத் தெரியும், உடம்புக்குத் தெரியவில்லை. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தின் வாலிலும் ஒரு 'சார்' ஒட்டினேன். கேட்கிறவருக்கு அது பணிவுபோலத் தோன்றியிருக்கும். எனக்கு அது காணாமல் போன 'ங்கள்'. அவ்வளவுதான்.

இதன் மறுபக்கம்தான் ஆபத்து. தமிழில் மரியாதை வினையிலேயே வந்துவிடும். "அந்தக் கோப்பைக் கொஞ்சம் கொடுங்களேன்" என்றால் போதும், அதைவிடப் பணிவு தேவையில்லை. அதைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் "கிவ் மீ தட் ஃபைல்". 'கொஞ்சம்', 'ங்கள்', 'ஏன்' மூன்றும் வழியிலேயே உதிர்ந்துவிடுகின்றன, கட்டளை மட்டும் போய்ச் சேருகிறது. ஆங்கிலம் பணிவைக் கேள்வியாக்கிச் சொல்லும்: "குட் யூ..." என்று தொடங்கும். மனதில் பணிவோடுதான் பேசியிருப்போம், எதிரே இருப்பவர் முகம் சுளிப்பார். ஏன் என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

'நாம்' 'நாங்கள்' விஷயம் இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் ஒரே 'வீ'. "வீ ஆர் கோயிங் ஃபார் லஞ்ச்" என்று சக ஊழியர் சொன்னபோது, என்னையும் சேர்த்தா சேர்க்காமலா என்று புரியாமல் நாற்காலியில் பாதி எழுந்து நின்றிருக்கிறேன்.

அப்புறம் அந்த 'இட் சீம்ஸ்'. நம்மவர்கள் பேசும் ஆங்கிலத்தைக் கேலி செய்கிறவர்கள் முதலில் எடுப்பது இதைத்தான். "ஹீ இஸ் கமிங், இட் சீம்ஸ்." பிழை என்று எழுதிவிட்டுப் போகலாம். ஆனால் அது எங்கிருந்து வருகிறது பாருங்கள். தமிழில் 'வருகிறார்' என்பதற்கும் 'வருகிறாராம்' என்பதற்கும் எவ்வளவு தூரம்! நான் கண்ணால் பார்க்கவில்லை, யாரோ சொல்லிக் கேட்டது, பொய்யாகிப்போனால் என்னைப் பிடிக்காதீர்கள் என்பது அத்தனையும் ஒரு 'ஆம்' விகுதியில் அடங்கிவிடுகிறது. அந்தப் பழக்கத்தில் வளர்ந்தவருக்கு வெறும் "ஹீ இஸ் கமிங்" என்று சொல்வது, பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வதுபோல உறுத்தும். உறுத்தல் தாங்காமல்தான் 'இட் சீம்ஸ்' போடுகிறோம். 'தான்' என்பதற்கு 'ஒன்லி' போடுவதும் இதே கதை.

1957-இல் ராபர்ட் லாடோ என்ற மொழியியலாளர், இரண்டு மொழிகளை ஒப்பிட்டுப் பார்த்தாலே எங்கே தடுக்கும் என்று முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்றார். அப்படி எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது என்று பின்னால் தெரிந்துவிட்டது. 1972-இல் லாரி செலிங்கர், கற்பவர் பேசுவது அரைகுறை ஆங்கிலமில்லை, தனக்கென்று விதிகள் உள்ள ஓர் இடைமொழி என்றார். 'இட் சீம்ஸ்' அந்த ரகம். விதி தவறாமல்தான் போடுகிறோம், அந்த விதி ஆங்கிலத்துடையது இல்லை.

நிழற்குடை | செவ்வாய், இரவு 8:30

அந்தப் பாதி எழுந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

எதிர்மறைக் கேள்வியை விட்டுவிட்டீர்களே. "டிட்ன்ட் யூ சென்ட் இட்?" என்றார் வாடிக்கையாளர். நான் தமிழ்க் கணக்கில் "யெஸ்" என்றேன், அதாவது "ஆமாம், அனுப்பவில்லை". ஆங்கிலக் கணக்கில் அது "அனுப்பிவிட்டேன்". அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். மறுநாள் நடந்ததை இங்கே எழுத முடியாது.

இரட்டைப்பின்னல் | செவ்வாய், இரவு 11:30

இழையைக் கொஞ்சம் திருப்புகிறேன், மன்னிக்கவும். மகளுக்கு 6 வயது. வீட்டிலும் ஆங்கிலத்திலேயே பேசச் சொல்லி அவள் பள்ளியில் சொன்னார்கள். எனக்கும் கணவருக்கும் சரளமாக வராது. ஆனாலும் எட்டு மாதமாக முயற்சி செய்கிறோம்.

நடந்தது என்னவென்றால், வீட்டில் பேச்சே குறைந்துவிட்டது. முன்பு தூங்கும் நேரத்தில் கதை சொல்வேன். நடுவில் அவள் நூறு கேள்வி கேட்பாள், நானும் எதையாவது இட்டுக்கட்டிச் சொல்வேன். இப்போது "ப்ரஷ் யுவர் டீத்", "ஃபினிஷ் யுவர் ஹோம்வொர்க்", "குட் நைட்". எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கட்டளை மட்டும்தான் இருக்கிறது, கதை இல்லை. போன வாரம் விருந்தினர் முன்னால் என் உச்சரிப்பைத் திருத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பழைய_ரேடியோ | புதன், காலை 6:05

அம்மா, இன்றைக்கு இரவே கதையை ஆரம்பித்துவிடுங்கள், தமிழில்.

பள்ளி நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கும். ஆனால் அது தலையில் ஒரே ஒரு பாத்திரம் இருக்கிறது, தமிழை ஊற்றினால் ஆங்கிலத்துக்கு இடமிருக்காது என்ற பழைய நம்பிக்கை. இரண்டு மொழி குழந்தையின் புத்தியைக் குழப்பும் என்று ஒரு காலத்தில் ஆய்வாளர்களே எழுதினார்கள். 1962-இல் மாண்ட்ரியலில் பீல், லாம்பர்ட் இருவரும் 10 வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, இரண்டு மொழியிலும் சமமாகத் தேர்ந்தவர்களே முன்னால் நின்றார்கள். பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்த விதம் பற்றிப் பிறகு விமர்சனம் எழுந்தது, அதுவும் நியாயம்தான். ஆனால் இருமொழி கெடுதல் என்ற பேச்சு அதன் பிறகு தலைதூக்கவே சிரமப்பட்டது.

அதே லாம்பர்ட் இன்னொன்றும் சொன்னார். ஒரு மொழியின் மேல் இன்னொன்று சேருவது வேறு, ஒன்றைத் தள்ளிவிட்டு இன்னொன்று உட்காருவது வேறு. முன்னதைக் கூட்டும் இருமொழி என்றும், பின்னதைக் கழிக்கும் இருமொழி என்றும் பிரித்தார். உங்கள் வீட்டில் எட்டு மாதமாக நடப்பது கழித்தல்.

ஜிம் கம்மின்ஸ் என்ற ஆய்வாளர் சொன்னதுதான் பெற்றோருக்கு முக்கியம். இரண்டு மொழியும் மேலே பார்த்தால் இரண்டு பனிமலை, தண்ணீருக்குள் அடி ஒன்று. ஈரத்துணி ஏன் காய்கிறது என்று உங்கள் மகள் தமிழில் கேட்டுத் தமிழில் புரிந்துகொண்டால், வகுப்பில் ஆவியாதலுக்கு அவள் கற்க வேண்டியது ஒரு புதுச் சொல் மட்டும்தான். அந்தக் கருத்தே இல்லாமல் போனால் சொல்லையும் கருத்தையும் சேர்த்துத் தூக்க வேண்டும். குடியேறிய பிள்ளைகளுக்கு விளையாட்டு மைதான ஆங்கிலம் 2 வருடத்தில் வந்துவிடும், பாடப்புத்தக ஆங்கிலம் சகமாணவர்கள் அளவுக்கு வர 5 முதல் 7 வருடம் ஆகும் என்பதும் அவர் காட்டியதுதான். சரளமாகப் பேசுகிறாளே, அப்புறம் ஏன் பாடம் புரியவில்லை என்று திட்டும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. தமிழில் பேசினால் ஆங்கிலம் தானாக வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. இரண்டிலும் படிக்கவும் வேண்டும்.

கோடை_இடி | புதன், காலை 9:10

ஒரு மாற்றுக் கருத்து. என் வீட்டில் ஆங்கிலம்தான் பேசினார்கள், பள்ளியிலும் அதுதான். நான் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே?

இரட்டைப்பின்னல் | புதன், காலை 9:40

தம்பி, உங்கள் அம்மா அப்பாவுக்கு ஆங்கிலத்தில் கதை சொல்லத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாது. வித்தியாசம் அதுதான்.

கோடை_இடி | புதன், இரவு 10:15

காலையிலிருந்து இரட்டைப்பின்னல் அக்கா சொன்னதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று சொல்கிறேன், சிரிக்கக் கூடாது.

போன மாதம் பாட்டி கேட்டார், "நீ என்னதான்டா வேலை பார்க்கிறாய்?" என்று. காப்பீட்டில் நட்ட அபாயத்தைக் கணக்கிடும் வேலை. தமிழில் ஆரம்பித்தேன். 'ரிஸ்க்' வந்தது, 'ப்ரீமியம்' வந்தது, 'க்ளைம்' வந்தது. நான்காவது சொல்லில் பாட்டி "சரி, நல்லா இரு" என்று சொல்லிக் கையைத் தட்டிக்கொடுத்தார். அரைவட்டம் அந்த அழைப்பில் உட்கார்ந்திருந்த மாதிரி நான் பாட்டியின் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். "யெஸ், ஐ வில் செக்" மட்டும்தான் சொல்லவில்லை.

பழைய_ரேடியோ | வியாழன், காலை 6:15

யாரும் சிரிக்க மாட்டோம். இருமொழி ஆள் என்பவர் இரண்டு ஒருமொழி ஆட்களை ஒட்டிவைத்த உருவம் இல்லை என்று ஃபிரான்சுவா க்ரோஜான் என்ற ஆய்வாளர் 1989-இலேயே எழுதினார். வேலைக்கு ஒரு மொழி, வீட்டுக்கு ஒரு மொழி என்று வாழ்க்கையே பங்கு பிரித்து வைத்திருக்கிறது. ஒரு மொழி புழங்காத அறைக்குள் அதைக் கூட்டிப்போனால் தட்டுத் தடுமாறும், அது எந்த மொழியானாலும்.

உணர்ச்சியும் அப்படித்தான். துருக்கி மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, பிறகு ஆங்கிலம் கற்றவர்களுக்கு இரண்டு மொழியிலும் சொற்களைக் கேட்கவைத்து, தோலின் மின்கடத்தல் (மனம் பதறினால் அது கூடும்) எப்படி மாறுகிறது என்று 2003-இல் அளந்து பார்த்தார்கள். சிறுவயதில் வாங்கிய திட்டுகள், "வெட்கமாக இல்லையா" மாதிரி, தாய்மொழியில் கேட்டபோது உடம்பு கூடுதலாகத் துள்ளியது. ஆங்கிலத்தில் கோபப்பட்டுப் பேசினாலும் உறைக்கவில்லையே என்று என் மாணவர்கள் சொல்வதுண்டு. ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை அவர்களுக்குச் சுலபமாக வருவதும் அதனால்தான்.

சுருதிப்பெட்டி | வியாழன், மதியம் 3:30

உச்சரிப்பு பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் மூன்று வருடம் வெளிநாட்டு அழைப்புகளுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருந்தேன். வேறு பெயர், வேறு உச்சரிப்பு. காலையில் வேலை முடிந்து வந்து தூக்கக் கலக்கத்தில் 'வாட்டர்' என்று கேட்டேன், 'ட' இல்லாமல், நாக்கை மடித்து. அக்கா வீடெல்லாம் போய்ச் சொன்னாள்: "பீட்டர் வுடுறான்டா!"

இந்த 'பீட்டர்' என்ற ஒரு சொல் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கும்! பிழையாகப் பேசினால் அந்தப் பக்கம் சிரிக்கும், நன்றாகப் பேசினால் இந்தப் பக்கம் சிரிக்கும். அதனால் கல்லூரியில் நாங்கள் வேண்டுமென்றே சுமாராகப் பேசுவோம். நன்றாகப் பேசத் தெரிந்த ஒருத்தி எங்களோடு இருக்கும்போது மட்டும் 'ட'வை அழுத்தி அழுத்திச் சொல்வாள். கூட்டத்தை விட்டுப் போய்விடவில்லை என்பதற்கு அவள் கட்டிய வரி அது.

உச்சரிப்பு ஆளின் தற்காப்போடு ஒட்டியது என்பதற்கு 1972-இல் வேடிக்கையாக ஒரு சோதனை நடந்தது. அலெக்ஸாண்டர் கியோராவும் அவர் குழுவும் அமெரிக்காவில் சிலருக்குச் சிறிதளவு மது கொடுத்து, பழக்கமே இல்லாத தாய்லாந்து மொழிச் சொற்களைச் சொல்லவைத்தார்கள். கொஞ்சம் குடித்தவர்கள், தற்காப்பு தளர்ந்ததாலோ என்னவோ, நன்றாகச் சொன்னார்கள். (யாரும் முயற்சி செய்ய வேண்டாம். அளவு கூடினால் நாக்கு குழறும் என்பதற்குச் சோதனையே தேவையில்லை.)

எனக்கு ஆறுதல் தந்தது மன்ரோ, டெர்விங் இருவரும் 1995-இல் சொன்னதுதான்: உச்சரிப்பில் தாய்மொழிச் சாயல் எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதும், பேச்சு புரிகிறதா என்பதும் வேறு வேறு. பலத்த சாயலோடு பேசுகிறவரின் ஒவ்வொரு சொல்லும் கேட்பவருக்கு முழுதாகப் புரியலாம். ஜோசப் கான்ராட் போலந்துக்காரர். 20 வயதுக்குப் பிறகு ஆங்கிலம் கற்று அதில் பெரிய நாவலாசிரியர் ஆனார். கடைசிவரை போலந்துச் சாயலில்தான் பேசினார்.

வெட்டிப்பேச்சு | வியாழன், மாலை 5:00

இத்தனை பேசுகிறீர்கள், இழை முழுக்க ஆங்கிலச் சொல்லாக இறைந்து கிடக்கிறதே. கலப்படம் செய்கிறவனுக்கு இரண்டு மொழியும் ஒழுங்காகத் தெரியாது.

எழுத்தாணி | வியாழன், மாலை 6:25

உங்கள் வருத்தம் புரிகிறது. எழுதும்போது நானும் தவிர்க்கத்தான் பார்க்கிறேன். ஆனால் 'தெரியாது' என்பது சரியில்லை. நியூயார்க்கில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கலந்து பேசுகிறவர்களை ஆராய்ந்து ஷானா பாப்லாக் 1980-இல் எழுதினார்: ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறிப் பேசியது பெரும்பாலும் இரண்டிலும் தேர்ந்தவர்கள்தான். நம் பேச்சையே பாருங்கள். 'அட்டெண்ட் பண்ணினேன்' என்போம், 'அட்டெண்டினேன்' என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லாது. எந்தச் சொல் வந்தாலும் வாசலில் 'பண்ணு' நிற்கிறது, சீட்டுக் கொடுத்துத்தான் உள்ளே விடுகிறது.

இன்னொன்று. வீட்டில் "போய்க்கிட்டிருக்கேன்", தாளில் "சென்றுகொண்டிருக்கிறேன்" என்று நாம் பிறந்ததிலிருந்து இரண்டு தமிழோடு வாழ்கிறோம். ஃபெர்குசன் என்ற மொழியியலாளர் 1959-இல் இரட்டை வழக்கு என்று விவரித்தாரே, அதற்குத் தமிழ் நல்ல உதாரணம். ஆனால் ஆங்கில வகுப்பில் கிடைப்பது தாளில் எழுதும் ஆங்கிலம் மட்டும். அதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டு அழைப்பில் பேசுகிறோம். யோசித்துப் பாருங்கள், யாராவது நம்மிடம் வந்து "தாங்கள் உணவு அருந்திவிட்டீர்களா?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அரைவட்டத்தின் நகைச்சுவை ஏன் வெளியே வரவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம். மேடைத் தமிழில் யாரும் கிண்டல் அடிப்பதில்லை.

இரட்டைப்பின்னல் | ஞாயிறு, இரவு 10:05

மூன்று நாளாகக் கதை ஓடுகிறது. நேற்று நரி பேசும் இடத்தில் மட்டும் அவள் ஆங்கிலத்துக்கு மாறிவிட்டாள். ஏன் என்று கேட்டேன். "நரி ஏமாத்துறப்போ இங்கிலீஷ்லதான் பேசும்" என்றாள். என்ன சொல்வது என்று தெரியவில்லை.

சுருதிப்பெட்டி | ஞாயிறு, இரவு 10:12

என் பழைய வேலையைப் பற்றி அவளுக்கு யார் சொன்னது!

அரைவட்டம் | செவ்வாய், இரவு 9:45

இன்றைக்கு அழைப்பு இருந்தது. அதே ஆள், இந்த முறை சர்வரைக் குறை சொன்னார். போன தடவை என் வாயோடு நின்றுபோன பதில் ஒரு பழமொழிதான், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். பதமாக மொழிபெயர்க்க வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டு, "எங்கள் மொழியில் ஒன்று சொல்வார்கள்" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எங்கள் மொழியில் என்று சொன்னதும், அது என் கூடம் ஆகிவிட்டது போலிருந்தது. சொன்னதில் ஒரு காலம் தப்பு, 'தி' எங்குமே போடவில்லை. முதலில் சிரித்தது அந்த ஆள்தான்.

கோடை_இடி | செவ்வாய், இரவு 9:52

அருமை! ஒரே ஒரு சந்தேகம். 'என்றாளாம்' இருக்கிறதே, அந்த 'ஆம்'-ஐ என்ன செய்தீர்கள்?

அரைவட்டம் | செவ்வாய், இரவு 9:53

'இட் சீம்ஸ்' போட்டேன்.